விடுதியிலிருந்து வந்தவன்

புத்தி வளராத பெரியவர்களை வைத்துப் பராமரிக்கும் வேலூர் விடுதிக்கு, மகன் லாசரைப் பார்க்கப் போனாள் சவுரியம்மாள்.

எலும்பும் தோலுமாய் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார் சூப்பிரண்டு. "லாசர் இப்ப ரொம்ப சாது. சத்தமே போடறதில்ல."

அவன் மணிக்கட்டுகளில் கயிற்றுத் தழும்பு தெரிந்தது.

"வீட்டுக்குக் கூட்டிக்கினு போறேன், ஐயா."

சூப்பிரண்டு தடுக்கவில்லை.

ஆம்பூர் ரயிலடியில் காத்திருந்த புருஷன் ஞானமுத்து திகைத்தான். "இன்னாமே, இது நம்ம லாசர் இல்லியே?"

"நம்ம புள்ள போன மாசமே செத்துட்டானாம். உள்ள போறப்பவே சமையல்காரி சொல்லி அழுதா." சவுரியம்மாள் வந்தவனின் மணிக்கட்டுத் தழும்பைத் தடவினாள். "சூப்பிரண்டுக்கு எவன் லாசர்னே தெரியல. இவனும் சாவறதுக்குள்ள கூட்டிக்கினு வந்துட்டேன்."