கூடை இல்லாத முதுகு

மேலே அணைக்கட்டின் சங்கு ஊதி ஓய்கிறது. கதவைத் திறந்துவிட்டார்கள், இன்னும் சற்று நேரத்தில் மகாவலி ஆறு ஏறி, பழைய அரசர் கோட்டையின் படித்துறையை மூடிவிடும். சாய்ந்த வெயிலில் ஆறு செம்மண் நிறத்தில் மினுங்குகிறது. படியில் ஆற்றுக்கு முதுகு காட்டிக் குந்தியிருக்கிறாள் கலாதேவி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் முதுகுக் கூடையோடு கொழுந்து பறித்தவள், இந்தத் தொல்பொருள் அகழ்வு வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மதிலடிச் சேற்றைத் துழாவும் அவள் விரல்களில் உள்ளங்கையளவு ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. விரல்கள் அதைக் கிள்ளி எடுக்கின்றன. எடுத்த அந்தப் பாழாய்ப்போன கை, பழகிய வாக்கில், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசிவிடுகிறது. முதுகில் கூடை இல்லை. தொபுக்கென்று தண்ணீரில் சத்தம். "என்னக்கா வீசினீங்க?" அகழ்வை நடத்தும் அக்குறணை ஊர்ப் பெண் றிஸ்வானா ஓடி வருகிறாள். "கூடைன்னு நெனச்சிட்டேன் மிஸ்." இருவரும் கைகோத்து இறங்குகிறார்கள். ஆறு முழங்காலுக்கு மேல் ஏறி இழுக்கிறது. கலாதேவியின் பாதம் படியைத் தடவித் தடவி ஓரிடத்தில் நிற்கிறது. குனிந்து எடுக்கிறாள். சேறெல்லாம் கழுவிப்போய், நாக்கு நீட்டிய சுடுமண் சிங்கமுகம் வெயிலில் சிரிக்கிறது. இத்தனை காலமும் வெறும் கல்லும் பாசியுமாகக் கிடந்த கோட்டைக்கு முதல் முகம். "யா அல்லாஹ்" என்கிறாள் றிஸ்வானா மெதுவாக. கலாதேவிக்குச் சிரிப்பு பொங்குகிறது. சிங்கத்தோடு அவள் கை தானாகவே தோளை நோக்கி எழும்புகிறது. றிஸ்வானா பாய்ந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.