பூட்டக்கா

கடக். கடக்.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. யாரோ வெளியிலிருந்து கதவை இழுத்துப் பார்க்கிறார்கள்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புருஷன் ஷிப்டுக்குப் போயாயிற்று. மழையில் கதவு உப்பிப்போய், தாழ்ப்பாள் ஓட்டைக்குள் விழமாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு மாதமாகிறது. கதவுக்கு முட்டுக் கொடுத்த ஒற்றை நாற்காலியை நம்பித்தான் அவளும் குழந்தையும் இரவைக் கழிக்கிறார்கள்.

மறுபடியும் இரண்டு இழுப்பு. கடக், கடக்.

அந்தப் பயத்திலும் அவள் மூக்கில் மருந்து வாசனை அடித்தது. இது தெரிந்த சத்தமாயிற்றே.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த மருந்துக் கடை. ஷட்டரை இறக்கி, முறை வைத்துப் பூட்டுவார்கள். மற்ற பெண்கள் எல்லாரும் முதலாளிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். அவர்கள் பூட்டினால் பேச்சே கிடையாது. இவள் பூட்டினால் மட்டும், சீனியர் அக்கா பின்னாலேயே வந்து பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த அக்காவுக்குப் பூட்டக்கா என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது இவளுக்குக் கண்ணில் நீர் முட்டும்.

"யாரு?"

"திறடி எலி. நான்தான்."

எலி. குண்டூசி விழுந்தாலும் துள்ளுவாள் என்பதால் கடையில் வைத்த பெயர். அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. நாற்காலியை நகர்த்தினாள்.

பூட்டக்கா உள்ளே வந்ததும் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "நல்லவேளை, உன் மூக்கு வரல" என்றாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"யாரைக் கேட்டுடி என் பேரைக் கொடுத்தே?"

 அவள் விண்ணப்பம் போட்டிருந்தது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு வேலைக்கு. புருஷனின் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். இந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். 'உங்களைப் பற்றி அறிந்தவர்' என்று கேட்ட இடத்தில் எழுத அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"கேக்கணும்னு போனை எடுத்தேன்க்கா. கல்யாணத்துக்குக்கூடச் சொல்லாம வேலையிலேருந்து நின்னுட்டோமே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு..."

"கேட்டிருந்தா உன் முழுப் பேராவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். நேத்து பஸ்ஸுல தொங்கிக்கிட்டிருக்கேன், போன். இன்னாரைத் தெரியுமான்னு ஒரு ஆபீசர் கேக்கறாரு. பேருக்குப் பின்னாடி புருஷன் பேரு வேற ஒட்டிக்கிட்டிருக்கு. 'அப்படி ஒருத்தி எங்க கடையில இருந்ததே இல்லீங்க'ன்னுட்டேன்."

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சாக்கா?"

"போயிருக்கும். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கறப்பதான் பொறி தட்டுச்சு, அட, நம்ம எலி. இன்னிக்கு லீவு போட்டுட்டு நேர்லயே போனேன். 'நேத்து தெரியாதுன்னீங்க, இன்னிக்குத் தெரியும்கறீங்க'ன்னு அந்த ஆளு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. இருந்த மானமும் போச்சு. 'அவளால ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க'ன்னு சொல்லிட்டு, உன் விலாசத்தையும் வாங்கிட்டு வந்தேன். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. போய்ச் சேரு."

 "காபி போடறேன்க்கா" என்றபடி எழுந்தாள்.

"பஸ் போயிடும். இன்னொரு தடவை யார் பேரையாவது போட்டா, முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளு. அவ்வளவுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பூட்டக்காவைப் பார்த்து, அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நான் பூட்டினா மட்டும் நீங்க நம்பினதே இல்லையே. இப்ப எந்த தைரியத்துல எனக்காகப் போய்ப் பேசினீங்க?"

பூட்டக்கா நிமிர்ந்தாள். "நம்பலையா? மத்தவளுங்களுக்குச் சொந்தம் இருந்துச்சு. உனக்கு யாருடி இருந்தா? காலையில ஒரு மாத்திரை அட்டை குறைஞ்சாலும், 'கடைசியாப் பூட்டுல கை வச்சது யாரு'ன்னுதானே முதலாளி கேப்பாரு? நான்தான்னு சொல்லலாம்ல."

சொல்லிவிட்டுப் படி இறங்கியவள், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாள்.

"தாழ்ப்பாள் விழலையா? நான் வெளியில இழுத்துப் பிடிக்கறேன். நீ தாழ்ப்பாளைத் தள்ளு."

கடக். கடக்.

ஒரு மாதமாக விழாத தாழ்ப்பாள் உள்ளே போய் விழுந்தது.