சத்தம் குறைத்த வேட்டு

விசையை இழுத்தான்.

துப்பாக்கி இருமக்கூட இல்லை.

தோளில் ஓர் உதை, அவ்வளவுதான். சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் அவன் நின்ற பக்கமிருந்து இல்லை. மேலே, குண்டு பறந்துபோன காட்டு மரங்களுக்குள்ளிருந்து.

தேயிலைச் சரிவில் நின்ற யானை காதை விரித்தது. தந்தமில்லாத கிழட்டு ஆண். தலையைத் திருப்பி மேலே, காட்டைப் பார்த்தது.

பிறகு கீழே பார்த்தது.

கீழே அவன். அவன் முதுகுக்குப் பின்னால் எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகள்.

அடப்பாவிகளா!

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் வீட்டுப் பக்கம் நின்றுகொண்டு ஆகாசத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவான். மலையே அதிரும். சத்தம் இங்கே என்றால் யானை அங்கே, காட்டுக்குள் போய்விடும். எஸ்டேட் காவல்காரனுக்கு வேலையே அந்தச் சத்தம்தான். குண்டு யாருக்கு வேண்டும்?

இன்றைக்குச் சத்தம் காட்டுக்குள் இருக்கிறது. யானை எங்கே போகும்?

இறங்க ஆரம்பித்தது.

கடைசி வீட்டில் சகாயராணி படுத்திருக்கிறாள். அவன் பெண்சாதி. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. தையல் இன்னும் பிரிக்கவில்லை. யானையைக் கண்டதும் மற்றப் பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு பாலவாடிக்கு ஓடிவிட்டார்கள். அவளால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

மறுபடி விசையை இழுத்தான். அசையவில்லை.

துரையின் தாத்தா, எஸ்டேட்டை வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியபோது கூடவே வந்த ரைஃபிள். ஒரு தடவை நிரப்பினால் போதும், சுடச்சுடத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். கிழடு என்றாலும் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. அதைப் போன வாரம் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், யாரோ ஒரு லேத்காரனிடம் கொடுத்து, குழல் முனையில் மரை போட்டு, சைலன்சரை முடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு சாண் நீளக் கறுப்புக் குழாய். கிழட்டு உடம்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை. சுட்டுக் காலியான தோட்டா வெளியே வராமல் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது.

பங்களா இப்போது ரிசார்ட். போன மாசம் ஒரு சாயங்காலம் புல்வெளியில் உட்கார்ந்து டீ குடித்த ஓர் அம்மாள், வேட்டுச் சத்தத்தில் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாளாம்.

"யானைக்குக் கேட்டாப் போதும்பா. கெஸ்டுக்குக் கேக்க வேணாம்."

துரை சிரித்துக்கொண்டேதான் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். யானையின் காதை விட்டுவிட்டு கெஸ்டின் காதை மட்டும் அடைக்க ஒரு குழாய் கண்டுபிடித்த மகராசன்! விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா என்று கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள் சகாயராணி.

யானை கம்பிவேலியை மிதித்துத் தாண்டியது. இனி நடுவில் ஒரு கீரைப்பாத்திதான்.

"ஏங்க, வந்துருச்சா?"

உள்ளேயிருந்து அவள் குரல். பிள்ளையும் சிணுங்கியது.

அவனுக்கு வந்தது பயம் இல்லை, கோபம். இந்த மூக்கறுபட்ட துப்பாக்கியை நம்பியா ஒரு குடும்பத்தை இங்கே படுக்கப் போட்டேன்?

மிச்சத் தோட்டாக்களை உருவித் தூர எறிந்தான். வாசலில் தண்ணீர் வற்றிப்போய் ஒரு தார் டிரம் கிடந்தது. ரைஃபிளைக் கட்டைப்பக்கம் பிடித்து, அந்தக் கறுப்புக் குழாயாலேயே டிரம்மை ஓங்கி அடித்தான்.

ணங்!

யானை நின்றது.

துரைக்கு ஒன்று. துரையின் தாத்தாவுக்கு ஒன்று. கோப்பையைப் போட்ட அம்மாளுக்கு ஒன்று. லேத்காரனுக்கு இரண்டு. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. குழாய் கோணியது. அடித்துக்கொண்டே இருந்தான்.

"போயிரு சாமி! போயிரு! பச்சப்புள்ளக்காரி இருக்கா, போயிரு!"

கத்தியதில் தொண்டை கிழிந்தது. திட்டெல்லாம் டிரம்முக்கு. யானைக்குக் கும்பிடு.

கீரைப்பாத்தியில் வைத்த காலை யானை எடுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அது அவன் முகத்தில் பட்டது. பிறகு மெல்லத் திரும்பி, வேலியோரமாகவே நடந்து, ஜீப் ரோட்டில் ஏறியது.

ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று துதிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது. மேலே போனால் காடு. கீழே போனால் பங்களா. அங்கே மரத்துக்கு மரம் குட்டிக்குட்டி விளக்குகள் எரிந்தன. பனிக்குள் பஜ்ஜி சுடும் வாசம் வந்தது.

யானை கீழே போயிற்று.

சட்டைப்பையில் போன் அடித்தது. துரை.

"என்னப்பா அங்க, டம்மு டம்முன்னு? கெஸ்ட் எல்லாம் லான்லதான் உக்காந்திருக்காங்க. சத்தம் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?"

யானை வந்ததா என்று கேட்கவில்லை. வீடு நிற்கிறதா, ஆள் இருக்கிறதா, பச்சை உடம்புக்காரி என்ன ஆனாள், ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு மூச்சு வாங்கியது. யானையின் பின்பக்கம் வளைவில் இன்னும் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கேக்குதா இல்லையா?" என்றார் துரை.

"கேக்குதுங்க தொரை."

வளைவில் இப்போது பனி மட்டும்தான் இருந்தது.

"இனி சத்தம் போடலீங்க" என்றான்.

போனை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டான்.