ஐந்தாவது இழை

தவறு நேர்ந்தால் ஆளைப் பிடிக்க வசதியாக, கணினி நிரலில் தனித்தனியே ஓடும் ஒவ்வோர் இழைக்கும் அதை எழுதியவரின் பட்டப்பெயரை வைப்பது அந்த அலுவலக வழக்கம். புதியவள் தொகுத்த நிரலில் நான்கு இழைகள். திரையில் ஐந்து ஓடின. ஐந்தாவதன் பெயர் ‘நெட்டை’.

மேலாளர் திட்டித் திட்டியே வேலையைவிட்டு விரட்டியதில், போன மாதம் இறந்துபோனவன் நெட்டை.

“என்கிட்டயே விளையாடுறியா? வேலைய விட்டுக் கிளம்பு!” திரையைப் பார்த்த மேலாளர் கத்தினார்.

“சத்தியமா நான் வைக்கல சார்.”

“உயிரோட இருந்தப்பவே ஒண்ணும் கிழிக்கல. இப்ப வந்து கிழிக்கப்போறானாக்கும்!”

அவளை இடித்துத் தள்ளிவிட்டு, நிரலை நிறுத்தும் விசையை மேலாளரே அழுத்தினார். நான்கு இழைகள் மறைந்தன. நிரலே நின்றுபோன பிறகும் ஐந்தாவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஓங்கி அழுத்தினார். போகவில்லை.

கையை எடுக்கப் பார்த்தார். விரல் விசையை விட்டு வரவில்லை.

“யம்மா,” என்றார் மெதுவாக, “கொஞ்சம் என் கையப் பிடிச்சு இழும்மா.”