சந்தைப்பேட்டை வளைவு

அய்யாக்கண்ணு உள்ளே நுழைந்ததும் நகர்மன்றக் கூடத்தில் கூச்சல் அடங்கியது. சந்தைப்பேட்டை வளைவில் ஒற்றை மகனைப் பறிகொடுத்த உறுப்பினர் அவர். அவர் முகத்துக்கு நேரே சாலையைப் பற்றிச் சண்டை போட யாருக்கு வாய் வரும்? குணசேகரனுக்கு வந்தது.

"கடன் பத்திரம் வித்து ரோடு போடணுமாம். இன்னைக்கு நாம கையைத் தூக்கிட்டுப் போயிருவோம். வட்டியக் கட்டுறது யாரு? வீட்டு வரியத்தானே ஏத்துவீங்க?" என்றார் அவர். எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டியது.

தலைவர் நாற்காலியில் இருந்த செல்வராணி மணியைத் தட்டி அடக்கினாள். பல வருஷம் திருப்பூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். சாலை போட்டுத் தருகிறேன் என்று வாசல் வாசலாகச் சொல்லித்தான் ஜெயித்தாள். வந்து பார்த்தால் நகராட்சியில் தார் வாங்கக் காசில்லை. இந்தத் தீர்மானமும் தோற்றால் அந்த வாசல்களில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

போன வாரம்தான் கீரை விற்கும் ராசாத்தி அந்த வளைவில், மொபெட்டோடு குழியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து செல்வராணிக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே இவள் போகும் முன்பே அய்யாக்கண்ணு பழப்பையோடு உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிறாராம். பட்டவருக்குத்தானே அடுத்தவர் வலி தெரியும் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புதுக் கடன் எதுக்குங்க? அந்த வளைவுல குழிக்கு ஒட்டுப் போட்ட காண்ட்ராக்டரைப் புடிங்க மொதல்ல" என்றார் குணசேகரன்.

பின்னால் சுவரோரமாக நின்றிருந்த காண்ட்ராக்டர் ரகுநாத்துக்குப் பொறுக்கவில்லை. "ஊரெல்லாம் நான் போட்ட ஒட்டு அப்படியே கெடக்குதுங்க. அந்த வளைவுல மட்டும் மாசம் திரும்புறதுக்குள்ள பேந்து போகுது. விராலிமலை முருகன் மேல சத்தியமா, தார்ல நான் கை வைக்கலைங்க."

மன்றமே சிரித்தது. அன்று காலையிலிருந்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அய்யாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிலைமையில் எப்படிச் சிரிப்பார் என்று செல்வராணிக்குப் பாவமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானத்துக்கு ஒரு கை குறைந்தது. எந்தப் பக்கமும் எழாத கை ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவள் முழுசாக நம்பியிருந்த அய்யாக்கண்ணுவுடையது.

செல்வராணி நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள். "அண்ணே, நீங்க கையைத் தூக்குனாப் போதும். அந்த வளைவுலதான் மொதல்ல வேலை ஆரம்பிப்போம். சந்தோஷ்குமார் பேரச் சொல்லியே ஆரம்பிப்போம்."

மகன் பேரைக் கேட்டதும் அவர் தலை இன்னும் குனிந்தது. "வேணாம் ஆத்தா. அந்த ரோடு அப்படியே கெடக்கட்டும்."

குணசேகரனே இதை எதிர்பார்க்கவில்லை. வென்ற சந்தோஷம் முகத்தில் வரவேண்டியவர், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"யாராச்சும் மெரட்டுனாங்களாண்ணே?"

"என்னைய யாரு மெரட்டப் போறா?"

"அப்பறம் என்னண்ணே?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். செல்வராணிக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. வயதுக்கும் துக்கத்துக்கும் கொடுக்கிற மரியாதையை மீறிக்கொண்டு குரல் உயர்ந்தது.

"தெனமும் ராசாத்தியப் பாத்துட்டுத்தானே வாரீங்க? அவ இனி எந்திரிச்சு நடக்க எத்தனை மாசம் ஆகுமோ தெரியலை. ஒங்க மகன் உசுரு போன அதே குழியிலதானேண்ணே அவளும் விழுந்தா? இன்னும் எத்தனை பேரு விழணும்?"

அய்யாக்கண்ணு மெதுவாக நிமிர்ந்தார்.

"எம்மவன் குழியில விழலை ஆத்தா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அன்னைக்கு அங்க குழியே கெடையாது. நீ அப்ப ஊர்ல இல்ல. புதுசாப் போட்ட ரோடு, வழுவழுன்னு கெடந்துச்சு. ரோட்டப் பாத்ததும் வண்டிய முறுக்கிக்கிட்டுப் போனான். வளைவுல திருப்ப முடியலை."

குணசேகரன் எழுந்து வந்தார். அவர் பேச்சில் இப்போது கட்சி இல்லை.

"புது ரோடுன்னா, அப்பறம் இம்புட்டுக் குழி எப்படிண்ணே வந்துச்சு?"

அய்யாக்கண்ணு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ராசாத்தி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. பின்னால் நின்ற ரகுநாத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் போகட்டும்னு நாந்தாய்யா வெட்டுறேன்."