மொட்டைமாடித் தீர்மானம்

"ஒருத்தர் காசுல இன்னொருத்தர் குளிக்கிறது இன்னையோட நிக்கணும்" என்றான் ரகுநாதன்.

ஹப்சிகுடா அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் வருடாந்தரக் கூட்டம். சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடரானதிலிருந்து எதைப் பார்த்தாலும் அவனுக்குத் திருத்தத் தோன்றும். லேப்டாப்பும் கையுமாக வந்திருந்தான். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமனார் கிருஷ்ணமூர்த்தி, மாப்பிள்ளை பேசப்போகிறார் என்று இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பிளாக்குக்கும் ஒரே பொது நிதி என்பதால்தான் யாருக்கும் பொறுப்பில்லை என்று விளக்கினான். நிதியைப் பிரித்துவிட்டால் அவரவர் பணம், அவரவர் முடிவு. செலவு குறையும், வேலை மளமளவென்று நடக்கும். போர்வெல்லும் பிளாக்குக்கு ஒன்று இருக்கிறது. நடுவில் தண்ணீர் போய்வரும் குழாயின் வால்வை மூடிவிட வேண்டியதுதான்.

"வால்வை மட்டும் விட்டுடலாமே தம்பி" என்றார் செயலாளர் நூர் முகமது. பி பிளாக்கில் இருக்கும் வாணியம்பாடிக்காரர்.

"எங்க தண்ணி கிடைக்காம போயிடுமேன்னு பி பிளாக்குக்குக் கவலை" என்றான் ரகுநாதன்.

அவனுடைய ஏ பிளாக் கைதட்டியது. மாமனார் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். தீர்மானம் நிறைவேறி, அன்று மாலையே வால்வு மூடப்பட்டது.

மறுநாள் காலை தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஷவரைத் திருகினான். அது இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு, கண் எரிய எரியக் கீழே ஓடினான். நாட்டின் நிதியமைச்சருக்கே யோசனை சொல்லத் தயாராக இருந்த தலை அது.

நூர் முகமது வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"உங்க போர் போன கோடையிலேயே வத்திடுச்சு தம்பி. எங்க தண்ணிதான் உங்களுக்கு வந்துட்டிருந்தது."

"நேத்தே சொல்லியிருக்கலாமே பாய்?"

"முன்வரிசையில உங்க மாமனார் உட்கார்ந்திருந்தாரே."

ரகுநாதன் வால்வைத் திறந்துவிடும்படி மெதுவாகக் கேட்டான். அவர் திறந்தார்.

அவன் குளித்துவிட்டு வந்தபோது, வாக்கிங் முடிந்து திரும்பியிருந்த மாமனார் ஹாலில் பூரித்துப்போய் நின்றார்.

"கீழே பாயைப் பார்த்தேன் மாப்ளே. நீங்களே போய் வால்வைத் திறக்கச் சொன்னீங்களாமே? பெரிய மனசு உங்களுக்கு. பாவம், அவங்களும் குளிக்க வேண்டாமா!"