பேசினால் கிளிப் போச்சு

"மைக் இல்லாம ஒரு கிறிஸ்துமஸ் பார்ட்டியா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினே தம்பி?"

சர்ச் ஹாலில் ஏணி மேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி குனிந்து பார்த்தான். இடுப்பில் கை வைத்து நின்றது மைக் அக்காவேதான்.

"செலவைக் குறைக்கலாம்னுதான்க்கா. இந்த வருஷம் எல்லாமே பேசாத விளையாட்டு. ஆளுக்கு மூணு துணி கிளிப் கொடுப்போம், தோள்ல மாட்டிக்கணும். வாயைத் திறந்தா பக்கத்துல இருக்கறவங்க ஒண்ணைப் பிடுங்கிக்கலாம்."

"மைக் சர்ச்சோடது. அதுக்கு என்னடா செலவு?"

தம்பி ஒயரைப் பல்லால் சீவினான்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? அவள் கிளினிக் ரிசப்ஷனில் இருப்பவள். பேர் என்ன, வயசு என்ன, கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை என்று நாள் பூரா கேட்டுக் கேட்டு எழுதுகிற வாய். இளைஞர் குழுவின் மைக் பன்னிரண்டு வருஷமாக அவள் கையில்தான்.

அதிலும் அந்தக் கேள்வி நாற்காலி அவளே கண்டுபிடித்தது. பாட்டு நிற்கும்போது மாட்டுகிறவர் நாற்காலியில் உட்காரணும், அக்கா மூன்று கேள்வி கேட்பாள். வேலை கிடைச்சுதா, பொண்ணு பார்த்தாச்சா, வீட்ல ஏதும் விசேஷம் உண்டா? ஹாலே அதிரும். காலணா செலவில்லை. அதையும் தூக்கிவிட்டான் பாவி.

'பொறாமை. மைக் மேல இவனுக்கு ஒரு கண்ணு' என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் சண்டையே போட்டிருப்பாள். ஆனால் ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்த குழு, போன வருஷம் ஒன்பதாகிவிட்டது. இந்த முறையும் இருபது தேறாவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று பாஸ்டர் சொல்லியாயிற்று. அக்காவுக்கு வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கென்று இருந்தது வேலையும் இந்தக் குழுவும்தான். மூன்று கிளிப்பையும் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொன்று!

இரண்டு வருஷமாக முகத்தையே காட்டாத தையல்காரத் தங்கச்சிகூடப் புருஷனோடு வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! எங்கடி போயிருந்தே இத்தனை..."

டப். தோளில் ஒரு கிளிப் போச்சு.

"அய்யய்யோ, நான் சும்மா..."

இரண்டாவதும் போச்சு. சுற்றி நின்றவர்கள் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்கள். மூன்றாவது கிளிப்பைக் கையால் பொத்திக்கொண்டு அக்கா உதட்டைக் கடித்தாள். மானப் பிரச்னை ஆயிற்றே.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கனவு மாதிரி இருந்தது.

பிறந்த மாதப்படி வரிசையில் நிற்கணும், ஆனால் பேசக்கூடாது. முப்பத்தொரு பேரும் விரல்களை நீட்டி, மடக்கி, ஒருவரை ஒருவர் தோளைப் பிடித்து நகர்த்தி நின்றார்கள். ஒரு பலூனை யாரும் கையால் தொடாமல், மூச்சாலேயே ஊதி ஊதி ஹாலின் அந்தக் கோடிக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயிலில் அது பொன்னாக மிதந்து போனது. எல்லார் முகமும் அதோடு மேலே போனது.

பிறகு பழைய செய்தித்தாளில் தேவதை. யாரோ அக்காவை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். தையல்காரத் தங்கச்சி காகிதத்தை மடித்து மடித்து அக்காவின் முதுகில் இறக்கை செருகினாள். சரசரவென்ற காகிதச் சத்தம் தவிர ஹாலில் வேறு சத்தமே இல்லை. அவள் விரல்கள் கழுத்தில் பட்டபோது அக்காவுக்கு ஏனோ கண் நிறைந்தது. இந்தப் பெண்ணை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருப்பு எப்போது வந்தது?

ஏழு மணிக்குத் தம்பி மணி அடித்தான். இனிமேல் பேசலாம். ஆனாலும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது.

காகிதக் குப்பையைக் கூட்டும்போது அக்காவால் அதற்கு மேல் முடியவில்லை.

"சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம்டி! பத்து பேர்கூட வராதுன்னு நெனச்சேன். தம்பி அப்படி என்ன சொல்லி இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தான்?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டே கூட்டினாள்.

"அண்ணன் வீடு வீடா வந்தாருக்கா. 'தைரியமா வாங்க, இந்த வருஷம் யாரும் உங்களை எதுவும் கேக்க மாட்டாங்க'ன்னாரு."

"ஏன், யாரு என்ன கேட்டாங்க?"

"'வீட்ல ஏதும் விசேஷம் உண்டா'ன்னு, அந்த நாற்காலியிலக்கா," என்றாள் தங்கச்சி. அந்தப் பக்கம் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் மெதுவாக வெளியே போய்விட்டான்.

அக்காவின் துடைப்பம் நின்றது.

"நானா? நான் கேட்டதுக்காகவா எல்லாரும் நின்னுட்டீங்க? அப்ப என்னை வர வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்குடி இத்தனை பேரு வாயைக் கட்டணும்?"

"நாங்க அதைத்தான் சொன்னோம்க்கா. 'அவங்களுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா? அக்கா இல்லாம ஒரு கிறிஸ்துமஸ் கிடையாது. வேணும்னா நாம எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கலாம்'னு அண்ணன்தான் ஒத்தக் கால்ல நின்னாரு."